பதினேழு ஒன்றுகள்

முதலியார்பேட்டையில் மதாம் வீடு எது என்று கேட்டால் யாரும் கை காட்டிவிடுவார்கள். யாரோ வெள்ளைக்கார அம்மாள் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் ராஜாம்பாளைப் பார்த்ததும் முழிப்பார்கள். மில் தொழிலாளியின் மகள், இன்னொரு மில் தொழிலாளியின் மனைவி, நைட்டியின் மேல் ஒரு துண்டு, விரலெல்லாம் சாக்பீஸ் தூள். அப்பா யார் யார் காலிலோ விழுந்து பெண்ணைப் பிரெஞ்சுப் பள்ளியில் சேர்த்தார். அவள் கணக்கில் மற்றப் பிள்ளைகளைத் தூக்கிச் சாப்பிட்டாள். பிற்பாடு ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சரானாள். பிள்ளைகள் டீச்சரைப் பிரெஞ்சு வழக்கத்தில் மதாம் என்று கூப்பிட, தெருவும் அதையே பிடித்துக்கொண்டது.

கலியமூர்த்தி அந்த மதாமின் புருஷன். தெருவில் அவருக்குப் பேரே அதுதான். மில் மூடிய பிறகு துணிக்கடை வாசலில் வாட்ச்மேன், கல்யாண மண்டபத்தில் எடுபிடி என்று கிடைத்த வேலையைப் பார்த்தார். கணக்குக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். வீட்டில் ஒருத்திக்குத் தெரிந்தால் போதாதா, இரண்டு பேருக்கும் எதற்கு என்பார். கட்டிய நாளிலிருந்து அவள் மூளையை நம்பித்தான் அந்தக் குடும்பம் ஓடியது.

ராஜாம்பாளின் அக்காள் செல்வாம்பாள் தவளக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அறுபதைத் தாண்டியதும் அவளுக்கு மறக்க ஆரம்பித்தது. முதலில் அடுப்பை அணைக்க மறந்தாள், பிறகு பேர்களை மறந்தாள். ஒரு நாள் தவளக்குப்பம் ஜங்ஷனில், கடலூர் பஸ்கள் ஹாரன் அடித்துக் கத்த, வீடு எந்தப் பக்கம் என்று தெரியாமல் நடு ரோட்டிலேயே நின்றாள். கடைசியில் கூடப் பிறந்தவளையே ஏறிட்டுப் பார்த்து, "யாரும்மா நீ, ஒன்ன எங்கியோ பாத்தாப்பல இருக்கே" என்று கேட்டாள். ராஜாம்பாள் அன்றைக்கு அழவில்லை. பயந்தாள்.

அக்காளின் கருமாதி முடிந்து வந்த மறுநாள், டியூஷன் பிள்ளைகளுக்காகக் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்தாள். உச்சியில் பதினேழு ஒன்றுகளை வரிசையாக எழுதினாள்.

11111111111111111

"இன்னா இது, வேலிக்கு ஊனின கொம்பாட்டம்?" என்றார் கலியமூர்த்தி.

"நம்பருங்க. நூத்திப் பதினோரு கோடி கோடி. இது பகா எண் இல்ல, உடையும்னு நான் படிக்கறப்ப எங்க மதாம் சொன்னாங்க. எதால உடையும்னு சொல்லல. நான் கண்டுபுடிக்கப் போறேன்."

"கண்டுபுடிச்சி இன்னா செய்யப் போற?"

"ஒண்ணும் இல்ல. இத நான் போடற வரைக்கும் என் மூளை என்னாண்ட இருக்குன்னு அர்த்தம்."

அவருக்கு அது விளங்கவில்லை. ஆனாலும் தலையாட்டி வைத்தார்.

அதிலிருந்து தினமும் காலையில் காப்பி குடித்ததும் ராஜாம்பாள் பலகை முன்னால் நிற்பாள். கண்ட எண்ணாலெல்லாம் வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை என்று ஒரு வழி வைத்திருந்தாள். அந்த நம்பரை உடைக்கிற பகா எண் எதுவானாலும் அதை முப்பத்து நாலால் வகுத்தால் ஒன்று மிஞ்சுமாம். ஆகவே முப்பத்து நாலு முப்பத்து நாலாகக் கூட்டிக்கொண்டே போவாள். மூன்றிலோ ஏழிலோ பதின்மூன்றிலோ போகிற எண்களைத் தள்ளுவாள். மிஞ்சுவதால் அந்தப் பதினேழு ஒன்றுகளையும் நெடுக வகுப்பாள். மீதி பூஜ்யம் வந்தால் உடைந்தது. வரவில்லை என்றால் அழித்துவிட்டு அடுத்த எண். தினம் ஏழெட்டு எண்ணாவது பார்த்து முடித்து, மறுநாளைய எண்ணைப் பலகையின் மூலையில் எழுதி வைத்துவிட்டுக் குளிக்கப் போவாள். இப்படியே வருஷங்கள் ஓடின. மூலையில் இருந்த எண் ஆயிரங்களைத் தாண்டி, லட்சங்களைத் தாண்டி வளர்ந்தது. கம்ப்யூட்டரில் போட்டால் ஒரு நொடியில் வந்துவிடும் என்பது அவளுக்கும் தெரியும். யாராவது போட்டுப் பார்த்துத் தன் காதில் போட்டால் செத்த பிறகும் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று மகள் துர்காவிடம் கறாராகச் சொல்லியிருந்தாள்.

ஒவ்வொரு வகுத்தலையும் அழிப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்வாள். பிரெஞ்சுப் பள்ளியில் சின்ன வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்த பழக்கம். அவர்கள் அதை ஒன்பதின் சோதனை என்பார்களாம். வீட்டில் அதற்குப் பேர் நெஃப், பிரெஞ்சில் ஒன்பது. பெரிய பெருக்கல் குறி ஒன்று போட்டுக்கொள்வாள். வகுத்த எண்ணின் இலக்கங்களை ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்டி மேலே எழுதுவாள். ஈவையும் அப்படியே கூட்டிக் கீழே எழுதுவாள். இரண்டையும் பெருக்கி, மீதியையும் சேர்த்து ஒற்றை இலக்கமாகக் கூட்டினால் வருவது இடப்பக்கம். பதினேழு ஒன்றுகளையும் கூட்டினால் பதினேழு, ஒன்றும் ஏழும் எட்டு; அது வலப்பக்கம். இடமும் வலமும் ஒன்றாக இருந்தால் கணக்கில் தப்பில்லை.

"நெஃப் சரி" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் அழிப்பாள். அந்தச் சத்தம் கேட்டால்தான் கலியமூர்த்திக்கு அன்றைய பொழுது விடிந்த மாதிரி இருக்கும்.

பிறகு ஒரு வருஷம் சின்னச் சின்னதாக ஏதேதோ நடந்தது. பெரிய மார்க்கெட்டுக்குப் போய்க் கொத்தமல்லி வாங்கினாள்; பத்தடி நடந்து அடுத்த கடையில் மறுபடியும் கொத்தமல்லி வாங்கினாள். தாங்களே போய் மொய் எழுதிச் சாப்பிட்டு வந்த கல்யாணத்தைப் பற்றி மீன்காரியிடம், "ஒன் பொண்ணுக்கு எப்ப கல்யாணம்?" என்று கேட்டாள். குக்கரைத் தண்ணீர் இல்லாமல் அடுப்பில் ஏற்றினாள். ஒவ்வொரு தடவையும் கலியமூர்த்தி முந்திக்கொண்டு சமாளித்தார். இரண்டாவது கொத்தமல்லிக் கட்டைத் துவையலுக்குத் தான் கேட்டதாகச் சொன்னார். மீன்காரியிடம் கண்ணைக் காட்டினார். கருகிய குக்கரைத் தானே தேய்த்துக் கவிழ்த்தார். புருஷன் பெண்டாட்டிக்கு இதுகூடச் செய்யக்கூடாதா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். செய்யக்கூடாது என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "ராஜாம்பா, துர்கா வீட்டாண்ட நரம்பு டாக்டர் ஒருத்தரு இருக்காராம். சும்மா ஒரு தபா காட்டிட்டு வந்துரலாமா?" என்று கேட்டார்.

அவள் முகம் கறுத்துப்போனது. "எதுக்கு? என்னைய எங்கக்கா ஆக்கிட்டீங்களா?"

"அப்டி இல்ல..."

"இந்தப் பலகையப் பாருங்க. ஏழு இலக்கத்தால பதினேழு இலக்கத்த வகுக்கறேன். நெஃப் ஒரு நாளாவது தப்பியிருக்கா? தப்பட்டும், நானே செருப்ப மாட்டிக்கினு டாக்டராண்ட வரேன். அதுவரைக்கும் இந்தப் பேச்சு வேணாம்."

நியாயமான பேச்சுதான். கொத்தமல்லியும் குக்கரும் ஒரு பக்கம், கோடி கோடி ஒரு பக்கம். இவ்வளவு பெரிய கணக்கைப் போடுகிறவளுக்கு என்ன வந்துவிடும் என்று கலியமூர்த்தி ஒரு மணி நேரம் நிம்மதியாக இருப்பார். அடுத்த மணி நேரத்தில், "இன்னிக்கு அக்கா வர்றேன்னாளே" என்று அவள் வாசலை எட்டிப் பார்ப்பாள். அவர் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்துவார்.

தாங்க முடியாமல் ஒரு நாள் லாஸ்பேட்டையில் கவர்மெண்ட் குவார்ட்டர்ஸில் இருக்கும் துர்காவிடம் போனார். எல்லாவற்றையும் சொன்னார். மகள் முன்னால் அழுதும்விட்டார். துர்கா போனை எடுத்தாள். பதினேழு ஒன்றுகளை எண்ணி எண்ணித் தட்டினாள். விடை உடனே வந்து நின்றது.

"ரெண்டே நம்பர்ப்பா. ரெண்டும் பகா எண். சின்னது ஏழு இலக்கம், பெருசு பத்து இலக்கம்."

அவருக்கு எழுதி வைத்துப் பழக்கமில்லை என்று, துர்கா அவருடைய போனிலேயே 'அம்மா கணக்கு' என்று பேர் போட்டுப் பதிந்து கொடுத்தாள். பழைய வீட்டுப் போன் நம்பர் மாதிரி 2071723. செல் நம்பர் மாதிரி 5363222357. வரும்போது பஸ்ஸில் கை தவறி அதை அழுத்திவிட்டார். அப்படியொரு எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது.

அன்று வீட்டுக்கு வந்ததும் பலகை மூலையைப் பார்த்தார். அங்கே இருந்த எண்ணும் இருபது லட்சத்தைத் தாண்டியிருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு இலக்கமாக ஒத்துப் பார்த்தார். இன்னும் கொஞ்ச தூரம்தான்.

அதிலிருந்து மனுஷனுக்கு வேறு நினைப்பே இல்லை. அவள் அந்த எண்ணுக்கு வருவாள், வகுப்பாள், பூஜ்யம் வரும், துள்ளிக் குதிப்பாள், அத்தோடு தன் பயமெல்லாம் வெறும் பயம் என்று ஆகிவிடும். இப்படி ஒரு முடிச்சைப் போட்டுக்கொண்டார். மறதி வந்தவளால் இவ்வளவு பெரிய கணக்கை முடிக்க முடியுமா? முடியாது. முடித்துவிட்டாள் என்றால் அது மறதி இல்லை. தெருமுனைப் பிள்ளையாரிடமும் இதையே சொன்னார். அவள் உடம்புக்காக வேண்டிக்கொள்ளவில்லை, மீதி பூஜ்யம் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் பிடித்துக்கொள்ள அவருக்கு வேறு கொம்பு இல்லை.

ஒரு புதன்கிழமை காலையில் மூலையில் 2071723 இருந்தது.

கலியமூர்த்தி காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். காப்பி ஆறி ஆடை கட்டியது. ராஜாம்பாள் வகுக்க ஆரம்பித்தாள். ஈவின் முதல் இலக்கம் ஐந்து. அவர் போனை மடியில் வைத்து மறைத்துக்கொண்டு பார்த்தார். ஐந்துதான். அடுத்தது மூன்று. ஆறு. மூன்று. பெருக்கினாள், கழித்தாள், ஒன்றை இறக்கினாள். இரண்டு, இரண்டு, இரண்டு. மூன்று. ஐந்து. கடைசி இலக்கம் ஏழு. பத்தும் அச்சு அசலாக அப்படியே! எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொள்ளப் போனார்.

ராஜாம்பாள் கடைசிக் கழித்தலைப் போட்டு, கீழே 540 என்று எழுதினாள்.

பக்கத்தில் பெருக்கல் குறி போட்டாள். மேலே நாலு, கீழே இரண்டு, மீதிக்கு ஒன்பது. இடப்பக்கம் எட்டு, வலப்பக்கம் எட்டு. "நெஃப் சரி" என்றாள். அழிப்பதற்குத் துணியை எடுத்தாள்.

"இரு!"

அவர் போட்ட சத்தத்தில் அவளே திடுக்கிட்டாள். "இன்னாங்க?"

சொல்லிவிடலாமா? சொன்னால் இத்தனை வருஷ நம்பரும் போச்சு, அவளும் போச்சு. சொல்லாவிட்டால் மூலையில் முப்பத்து நாலைக் கூட்டிக்கொண்டு இனி விடையே இல்லாத பக்கமாகப் போய்க்கொண்டே இருப்பாள், தினமும் நெஃப் சரி என்று சொல்லிக்கொண்டு. எது பாவம் என்று அவருக்குத் தெரியவில்லை. வாய் மட்டும் பேசியது. "இன்னொரு தபா போடேன். எனக்காவ. இத அழிக்காத, பக்கத்துலயே போடு."

"ஒங்களுக்கு எப்பலேர்ந்து கணக்குல ஆசை?" என்று சிரித்துக்கொண்டே போட்டாள். அதே ஈவு வந்தது. ஏழு வரைக்கும் அதே. மீதி 18000. பெருக்கல் குறி போட்டாள். இடப்பக்கம் எட்டு, வலப்பக்கம் எட்டு.

"நெஃப்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள்.

இடது பக்கம் 540. வலது பக்கம் 18000. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒரே நம்பர ஒரே நம்பரால வகுக்கறேன். ரெண்டு மீதி எப்டி வரும்?"

கலியமூர்த்தி தரையைப் பார்த்தார்.

"நெஃப் ரெண்டுலயும் சரியா இருக்கே." சாக்பீஸை வைத்துவிட்டு விரலால் வரி வரியாகத் தடவிக்கொண்டு கீழே வந்தாள். கடைசிக்கு முந்தின கழித்தலில் விரல் நின்றது. அங்கே 1450206 வர வேண்டும். இந்தப் பக்கம் 1450260 என்று எழுதியிருந்தாள். அந்தப் பக்கம் 1452006. இலக்கங்கள் எல்லாம் இருந்தன. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருந்தன, அவ்வளவுதான்.

அதைத் திருத்தினாள். ஒன்றை இறக்கினாள். ஏழால் பெருக்கிக் கழித்தாள். மீதி பூஜ்யம்.

பத்துப் பன்னிரண்டு வருஷமாகத் தேடிய பூஜ்யம். அதை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எலக்கம் எடம் மாறினா நெஃப் காட்டாதுங்க" என்றாள். "கூட்டினா அதேதான வரும். ஒவ்வொரு வருஷமும் பசங்களுக்கு நெஃப் சொல்லிக் குடுக்கற அன்னிக்கே இதையும் சொல்லிடுவேன். இத மட்டும் நம்பாதீங்க, எலக்கத்தப் பாருங்கன்னு. அதையே மறந்துட்டேன்."

"விடு ராஜாம்பா. யாருக்கும் கை தவறும்."

"ரெண்டு தபாவுமா? ஒரே வரியிலயா?" நாற்காலியில் உட்கார்ந்தாள். "எத்தினி நாளா இப்டி எழுதறேன்? நேத்திக்கு? போன வருஷம்? அழிச்சிட்டேனே, இனிமே எப்டித் தெரியும்?"

அவர் போனை எடுத்துக் காட்டினார். மறைக்க இனி ஒன்றுமில்லை. அம்மா கணக்கு என்ற பேருக்குக் கீழே இருந்த இரண்டு எண்களையும் அவள் நிதானமாகப் படித்தாள். கோபப்படுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க நிறுத்தலன்னா தாண்டிப் போயிருப்பேன், இல்ல?"

அவர் தலையாட்டினார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"எங்கக்காவுக்கும் இப்டித்தான் இருந்திருக்கும். அவளுக்கு எல்லாம் சரியாத்தான் பட்டிருக்கும். நாமதான் அவளப் பாத்துப் பயந்தோம்." எழுந்து, "துர்காவுக்குப் போன் போடுங்க. இன்னிக்கே போலாம்" என்றாள்.

மத்தியானமே டாக்டரைப் பார்க்க முடிந்தது. லாஸ்பேட்டையில் ஒரு மாடி கிளினிக். துர்கா கீழே சீட்டு போட நின்றாள். டாக்டர் சின்ன வயசுக்காரர், தன்மையானவர். ராஜாம்பாளிடம் பேர், ஊர், என்ன வேலை பார்த்தீர்கள் என்றெல்லாம் கேட்டுவிட்டு, "நூறுலேருந்து ஏழு ஏழா கழிச்சிச் சொல்லுங்கம்மா" என்றார்.

"தொண்ணூத்தி மூணு, எம்பத்தி ஆறு, எழுபத்தி ஒம்பது, எழுபத்தி ரெண்டு..." மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். "ஒம்பது, ரெண்டு. அதுக்குக் கீழ மைனஸ்ல போவணுமா டாக்டர்?"

டாக்டர் சிரித்துவிட்டார். "இந்த வேகத்துல எனக்கே வராதும்மா. இது ரொம்ப நல்லா இருக்கு."

கலியமூர்த்திக்கு அந்த ஒரு நொடி உயிர் திரும்பி வந்தது. டாக்டரே சொல்லிவிட்டார்! நன்றாக இருக்கிறது என்று படித்த மனுஷர் சொல்லிவிட்டார்! எழுந்து கும்பிடப் போனார்.

"இத நம்பாதீங்க டாக்டர்" என்றாள் ராஜாம்பாள். மேஜையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். "இது சரியாத்தான் வரும். சரியா வர்றத வெச்சித்தான் நான் இத்தினி வருஷம் ஏமாந்தேன். வேற எதுனா கேளுங்க. எனக்கு வராதது எதுவோ அதக் கேளுங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

டாக்டரின் சிரிப்பு நின்றது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சரிம்மா, கேக்கறேன்" என்றார். "காலையில இன்னா சாப்ட்டீங்க?"

ராஜாம்பாள் சட்டென்று திரும்பிப் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவருடைய உதடு தானாக அசைந்தது. இட்லி. பழக்கம் அப்படி.

அவள் அதைப் பார்த்துவிட்டாள். "நீங்க வெளிய போய்க் குந்துங்க."

"நான் ஒண்ணும் பேசல ராஜாம்பா..."

"தெரியும். நீங்க இருந்தா ஒங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லிடுவேன். போங்க."

கலியமூர்த்தி வெளியே வந்தார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகக் காலியாகக் கிடந்தன, அவர் உட்காரவில்லை. கதவை ஒட்டியே நின்றார். உள்ளே டாக்டர் கேட்பது தெளிவாகக் கேட்டது.

"இன்னிக்கு என்ன கிழமைம்மா?"

புதன், என்றார் கலியமூர்த்தி கதவைப் பார்த்து. புதன்டி, புதன். அவள் குரலுக்காகக் காதைக் கதவில் வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே யாரும் பேசவில்லை.